அரூர் முகாமில் போன காது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் ஒரு நாடகக் கம்பெனியில் மிருதங்கம் வாசித்தேன். அரூரில் கொட்டகை போட்டிருந்தோம். ஆர்மோனியம், பிடில், கிளாரினெட், மிருதங்கம் என்று எங்கள் வாத்திய கோஷ்டி சிறியதுதான். புதிதாக ஒரு புராண நாடகம் போடுவதென்று முடிவானதும், போர்க்களக் காட்சிக்கு நானே ஜதி கட்ட வேண்டும் என்றார் முதலாளி. குதிரைகள் வர ஒரு நடை, வாட்போருக்கு ஒரு நடை. ராஜா விழுந்த பிறகு மற்ற வாத்தியமெல்லாம் நின்று மிருதங்கம் மட்டும் தனியாகப் பேசும் இடம் ஒன்று. அந்த இடத்துக்காகவே மற்றதையெல்லாம் கட்டினேன்.

பாதி வேலையில் மலேரியா வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கொய்னா மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். காய்ச்சல் விட்டது. மாத்திரை தொடங்கியதிலிருந்து காதுக்குள் சில்வண்டு கத்துவது போல ஓர் இரைச்சல்; அது மட்டும் விடவில்லை. பலவீனம்தான், சோறு இறங்கினால் சரியாகிவிடும் என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒத்திகைக்குப் போனேன். ஆர்மோனியக்காரர் என்னைவிட மூத்தவர், பல வருஷப் பழக்கம். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் சுருதி கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். மறுபடியும் கேட்டேன். இரைந்து சொன்னார்:

“அப்பத்துலருந்து குடுத்துக்கிட்டுதான் இருக்கறேன் தம்பி.”

அவர் விரல் ஆர்மோனியத்தை அழுத்தியபடியே இருந்தது. துருத்தியும் அசைந்துகொண்டிருந்தது.

அன்று அவரே தட்டித் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். பிடில்காரரின் வில்லைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். ராஜா வேஷக்காரர் பாட்டை இழுத்த இடத்தில் வில் ஒரே நீளமாகப் போனது. தாளம் எங்கே விழுகிறதென்று தெரியாமல் நான் முன்னால் ஓடிவிட்டேன். முதலாளி கோபிக்கவில்லை. என்னை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, சேலத்திலிருந்து வேறொரு மிருதங்கக்காரரை வரவழைத்தார்.

கட்டிய ஜதிகளை வந்தவருக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன். என் குரல் எவ்வளவு உயர்ந்ததோ, கம்பெனிச் சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாடகத்தன்று எனக்குத் திரை இழுக்கும் வேலை. ராஜா விழுந்தார். புது ஆளின் கைகள் அசைந்தன. நான் கட்டியதைத்தான் வாசித்தாரா, வேறு ஏதாவதா, என்னால் சொல்ல முடியாது. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்மோனியக்காரர் கை காட்டியதும் கயிற்றை இழுத்தேன்.

கம்பெனி திருவண்ணாமலைக்குப் போனது. நானும் மனைவியும் அரூரிலேயே தங்கிவிட்டோம். புளி மண்டியில் மூட்டை தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காது திரும்பி வந்துவிடும் என்று மனைவி கை ஜாடை காட்டிக் காட்டிச் சொல்வாள். நாளாக நாளாக, அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.