அரைப்பேர்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர் அவர். மாரடைப்பு வருமுன்பே இதயநோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்ப்பது என் வேலை. அதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றிருந்தேன்.

கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவருடைய உச்சந்தலையில் முடி தேய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். கைகளோ முதுகில் இல்லாத கூடையின் கயிற்றைத் தேடித் தலைக்கே போயின.

“நெஞ்சு வலிச்சா உடனே சொல்லுங்கம்மா.”

“சரிங்க மிஸ்.”

ஏற்றத்தைக் கூட்டக் கூட்டச் சிரித்த முகமாகவே நடந்தார். திரையில் இதயத்துடிப்பின் கோடு சரிந்தது; இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். மெஷினை நிறுத்தினேன்.

“வலிக்கலயாம்மா?”

“அப்பவே வலிச்சுச்சுங்க. பாதியில நின்னா அரைப்பேர்தானே போடுவீங்க?”

தோட்டத்தில் வேலையைப் பாதியில் விட்டால் அரைநாள் கணக்குதான், அதுதான் அரைப்பேர். நாங்கள் தேடுவதே அந்த வலியைத்தான் என்று விளக்கினேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“வலிதான் வேணும்னு மொதல்லயே சொல்லக்கூடாதா மிஸ்? மொத ஏத்தத்துலயே சொல்லியிருப்பேனே!”

மருந்தும் அடுத்த பரிசோதனையும் அன்றே ஏற்பாடாயின. அந்தச் சிரிப்புக்குள் வலியை எங்கே வைத்திருந்தார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இப்போது தோட்டத்திலிருந்து யார் வந்தாலும், பொத்தானை அழுத்துமுன் சொல்லிவிடுகிறேன்:

“இங்க அரைப்பேர் கிடையாதும்மா. வலிச்சு நின்னாலும் முழுப்பேர்தான்.”

சிரிக்கிறார்கள். வலித்ததும் சொல்கிறார்கள்.