அடிபட்ட அச்சும் தவமணி அக்காவும்

தவமணி அக்காவின் கணவர் பாலா அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் மோர்னிங்சைட் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. வழக்கம்போல ரூஜ் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். காரின் பின்பக்கத்தில் ஒரு வாளி ஈயம் இருந்தது. “குகன், தவம் போயிட்டா. விடியக்காலமை, நித்திரையிலையே” என்றார். “இப்ப வாறன் அண்ணை” என்றேன். “வாரும். ஈயத்தை இறக்க வேண்டாம்” என்றார். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதைக் கண்டேன்.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதவேண்டிய விஷயம்தான். ஆனால் தவமணி அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் உற்சாகம்தான் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தேன். நாங்கள் செய்வதை அளந்து பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் அவர் வேலை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். பிழையான பாகத்தில் ஒரு சிவப்புக் கடதாசித் துண்டை நூலால் கட்டி, செய்தவனுடைய மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விடுவார். துண்டில் நான்கு கோடுகள்: குறை என்ன, செய்தவர் யார், என்ன நடவடிக்கை, கடைசியில் செய்தவரின் கையெழுத்து. நாங்களாகப் போய் இன்னது நடந்தது என்று சொல்லும்வரை வாயே திறக்கமாட்டார். “ஏன் அக்கா, கேட்டால் என்ன?” என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். “கேட்டால் பொய் சொல்லுவீர். தானா வந்தால் உண்மை சொல்லுவீர்” என்றார். என் மேசைக்குத்தான் அந்தத் துண்டுகள் அதிகம் வந்தன.

அதே அக்கா குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர் என்பது தெரிந்த அன்று எனக்கு மயக்கம் வராத குறை. லைசென்ஸ் எடுத்து, பரீட்சை எழுதி, நகருக்கு வடக்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப் போய், கைத்துப்பாக்கியால் கடதாசி வட்டங்களைச் சுடுகிறார்! வாலைப் பிடித்ததுபோல நானும் பின்னால் போனேன். இரண்டு வருடத்தில் நானும் உறுப்பினர்.

அவர் சுடுவதற்கான ஈயக் குண்டுகளை, அதாவது சன்னங்களை, தானே வார்த்தெடுப்பார். அதற்கான அச்சை ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கராஜ் சேலில், பழஞ்சாமான் விற்பனையில், துருப்பிடித்த குறடுகளுக்கு நடுவில் கண்டெடுத்தார். அப்போது அவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தார்கள். அங்கே ஈயம் உருக்கினால் கட்டடம் முழுவதும் நெருப்பு மணி அடிக்கும். ஆகவே நாலு வருடம் அச்சை பிஸ்கற் ரின்னில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீடு வாங்கும்போது எல்லோரும் பேஸ்மென்ற் பெரிதா, வாடகைக்கு விடலாமா என்று கேட்பார்கள். அக்கா ஏஜென்ரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “கராஜுக்கு ஜன்னல் இருக்கோ?”

அச்சைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடிகள். நுனியில் இரண்டு இரும்புக் கட்டிகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும். உள்ளே பக்கம் பக்கமாக இரண்டு குழிகள். மேலே துளையுள்ள தட்டு. ஈயத்தை ஊற்றி, அது இறுகியதும் தட்டைத் தட்டித் திருப்பி, அச்சைத் திறந்தால் இரண்டு சன்னங்கள் விழும். கிழவரிடம் வாங்கும்போது கைப்பிடி வெடித்திருந்தது. உடைந்த ஹொக்கி மட்டையிலிருந்து புதுக் கைப்பிடி கடைந்து கொடுத்தேன். முதலாவதைத் தள்ளினார். இரண்டாவதையும் தள்ளினார். மூன்றாவதைக் கையில் பிடித்து மூன்று தரம் திறந்து மூடிவிட்டு, “ம்” என்றார். அந்த ஒரு “ம்” வாங்க நான் பட்ட பாடு!

எல்லோரும் தீக்குச்சிப் புகையை அச்சுக்குள் பிடிப்பார்கள், ஈயம் ஒட்டாமல் விழ. அக்கா கற்பூரம் கொளுத்துவார். அந்தக் கரிதான் குழியில் ஒரே சீராகப் படியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சாமியறையில் கற்பூரம் முடிந்துபோவதைக் கண்டுபிடித்த பாலா அண்ணை கராஜ் வாசலில் வந்து நின்று, “என்ன, அச்சுக்கு அரிச்சனையோ?” என்றார். அந்த வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. தட்டைத் தட்ட மரம்தான் வேண்டும் என்று அக்கா எடுத்துக்கொண்டது அவருடைய மோர் கடையும் மத்து. அது திரும்பிப் போகவே இல்லை. “கராஜுக்கு வந்த சாமான் குசினிக்குப் போகாது. ஈயம் நஞ்சு” என்பது அக்காவின் சட்டம். பாலா அண்ணை புது மத்து தேடி எத்தனை கடை ஏறி இறங்கினார் என்பதை அவரிடமே கேளுங்கள்.

ஆகா, அந்தக் காலைகள்! ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்து, பனிக் குளிரில் கம்பளித் தொப்பியோடு நிற்போம். முதலில் விழுவதெல்லாம் சுருங்கிச் சுருங்கி வரும். “அச்சு இன்னும் நித்திரையாலை எழும்பேல்லை” என்று அவற்றைத் திரும்ப உருக்கப் போடுவார். பிறகு சூடு பிடிக்கும். ஊற்று, தட்டு, திற! ஊற்று, தட்டு, திற! விரித்திருந்த பழைய வேட்டியில் சன்னங்கள் வெள்ளியாய் மின்னிக்கொண்டு விழும்போது ஐம்பது வயது தாண்டிய இரண்டு பேரும் கத்துவோம். வார்ப்பது என் பங்கு. முதுகைத் திருப்பிக்கொண்டு விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்ப்பதும், வெடிமருந்து நிறுத்துப் பித்தளைக் கோதுகளில் ஏற்றுவதும் அவர் பங்கு. எனக்கு “கு” என்றும் தனக்கு “த” என்றும் எழுதிய பெட்டிகளில் எல்லாம் தயாராக வரும்.

பிறந்தநாள் விழா ஒன்றில் ஒருவர், எல்லோருக்கும் கேட்கத்தான், “துவக்குச் சுடுறியளாமே அக்கா, ஊரிலை பட்டது போதாதோ?” என்றார். தம்பி ஒருவனை ஊரில் நடந்த போரில் இழந்தவர் அக்கா. கையிலிருந்த கேக்கைச் சாப்பிட்டு முடித்தார். “நான் கடதாசியைத்தான் சுடுறன். கடதாசிக்கு அழ ஆரும் இல்லை” என்றார். பிறகு கேட்டவரிடமே இன்னொரு துண்டு கேக் எடுத்துத் தரச் சொன்னார்.

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அக்கா ரெலிபோன் பேச உள்ளே போயிருந்தார். தட்டு இறுகிப்போய்விட்டது. மத்தால் தட்டினேன், அசையவில்லை. சூடு இறங்குகிறதே என்ற அவசரத்தில் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து ஒரு போடு போட்டேன். இரும்பில் இரும்பால்! இருபது வருடம் இயந்திரத்தில் நின்றவன் செய்கிற வேலையா அது? தட்டு திறந்தது. இடது குழியின் விளிம்பில் நெல்லளவு ஒரு வடு. அதிலிருந்து விழுந்த சன்னத்தின் அடியில் ஒரு சின்னப் பிசிர். சன்னத்தை நேராக அனுப்புவது அதன் அடிதான் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அக்கா திரும்பி வந்தார். “என்ன, திறந்திட்டுதோ?” என்றார். “ஓம் அக்கா” என்றேன். அவ்வளவுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் தள்ளப்போகிறார், தள்ளப்போகிறார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் எதையும் தள்ளவில்லை. கோதில் ஏற்றியபின் சன்னத்தின் அடி வெளியே தெரியாது; நல்லதும் பழுதும் கலந்தே இரண்டு பேர் பெட்டிக்கும் போகிறது என்று நினைத்தேன். முப்பது வருடம் ஒரு பிசிரும் தப்பவிடாத கண் மங்கிவிட்டது என்றல்லவா அர்த்தம்! அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்க நல்ல சாட்டு அது. பதினொரு வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

கிளப்பின் வருடாந்தப் போட்டியில் நான் மூன்று தரம் முதலாவதாக வந்தேன். அக்கா மூன்று தரமும் இரண்டாவது. ஒருமுறை ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். எல்லோரும் என் முதுகில் தட்டியபோது எனக்கு அந்தப் பிசிர்தான் கண்ணுக்குள் நின்றது. என் அடியால்தான் அவருக்கு அந்தப் புள்ளி போனது, எனக்கு வாய்த்தது வெறும் அதிர்ஷ்டம் என்று நம்பினேன். கோப்பையை வீட்டில் அலுமாரிக்குள் வைத்தேன்.

போன இலையுதிர் காலத்துப் போட்டி! கடைசிச் சுற்றுவரை இரண்டு பேரும் சமம். குளிர்காற்று வீசுகிறது. எனக்கு விரல் விறைத்துவிட்டது. ஐந்து சன்னம் மிச்சம். நான் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு எடுத்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. கடதாசியை எடுத்து வந்தார்கள். நாற்பத்தொன்பது! அறுபத்தைந்து வயதுப் பெண் கராஜ் ஜாக்கெற்றோடு துள்ளிக் குதித்ததை நான் கண்டேன். நானும் கூடக் குதித்தேன். தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திரும்பி வரும்போது காரில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “குகன், உமக்கு என்னட்டை ஏதும் சொல்லக் கிடக்கோ?” என்றார். பதினொரு வருடத்தில் அவர் கேட்ட ஒரே தரம். வெற்றிநாளைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்து, “இல்லை அக்கா” என்றேன். “சரி” என்றார். பிறகு பாலா அண்ணை என்ன சமைத்திருப்பார் என்று பேசிக்கொண்டு வந்தோம்.

செத்தவீடு முடிந்து இரண்டாம் கிழமை பாலா அண்ணை என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். அக்காவின் கைத்துப்பாக்கியைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டார். இன்றைய சட்டத்தில் அதை எனக்குக் கைமாற்ற முடியாது. அச்சு வெறும் இரும்பு. அதற்கு ஒரு பத்திரமும் தேவையில்லை. “உமக்கெண்டு சொன்னவ” என்று பிஸ்கற் ரின்னை நீட்டினார். கூடவே, இன்னும் கோதில் ஏற்றாத சன்னங்கள் இருந்த இரண்டு தகர டப்பாக்கள். “த” என்று எழுதியதைத் திறந்தேன். ஒவ்வொன்றின் அடியும் கண்ணாடி மாதிரி. “கு” என்று எழுதியதைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் பிசிர். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பாலா அண்ணை சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். “ஒவ்வொரு முறையும் தோத்துப்போட்டு வந்து என்னட்டைத்தான் கத்துவா. ‘பாருங்கோ, பழுதுச் சன்னத்தாலையே வெல்லுறான், பழுதுச் சன்னத்தாலையே!’ எண்டு. கோவமோ பெருமையோ எண்டு எனக்கு விளங்கிறேல்லை.”

அக்கா, மூன்று தரம்! பழுதுச் சன்னத்தால் மூன்று தரம் உங்களை வென்றிருக்கிறேன்! அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தை நான் மறைக்கமாட்டேன். கராஜுக்குள் நின்று கத்தினேன். பிறகுதான் ரின்னின் அடியில் விரித்திருந்த துணியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார் அண்ணை.

மடித்த சிவப்புத் துண்டு. தொழிற்சாலைத் துண்டேதான். ஆங்கிலத்தில் அச்சடித்த கோடுகளில், அவருடைய சாய்ந்த தமிழ் எழுத்து. குறை: இடது குழி விளிம்பில் இரும்பு அடி. செய்தவர்: குகன். நடவடிக்கை: தானாக வந்து சொல்லும்வரை இடது பக்கம் முழுக்க அவருக்கே. கையெழுத்துக்கான கடைசிக் கோட்டில் ஒன்றும் இல்லை. மை மங்கிப் பழுத்திருந்தது. அந்தச் சனிக்கிழமையே எழுதியிருக்கவேண்டும்.

அவர் கண் மங்கவில்லை. நான் வருவேன் என்று பதினொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காரில் கேட்டபோதுகூட நான் வரவில்லை.

அச்சு இப்போது என்னிடம் இருக்கிறது, மத்தும்தான். அந்த வடுவைத் தேய்த்து எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். எடுக்கமாட்டேன். இடது பக்கம் எனக்கு. வலது பக்கத்தில் விழுவதை “த” டப்பாவில் போட்டு வைக்கிறேன். அதை நான் சுடுவதில்லை.

அன்று கராஜ் மேசையில் கிடந்த அவருடைய பேனாவால் கடைசிக் கோட்டில் கையெழுத்து வைத்தேன். “ஸ்பானரால அடிச்சது நான்தான், அக்கா” என்று சத்தமாகச் சொன்னேன். தேத்தண்ணி போட உள்ளே போயிருந்த பாலா அண்ணை, “என்ன?” என்று குசினியிலிருந்து கேட்டார். அவருக்கும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.