பச்சையில் வந்த செய்தி

கூத்தாநல்லூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு ரைஸ்மில்லில் நான் ஃபிட்டர். என் மனைவியின் தம்பியையும் அங்கேயே சேர்த்துவிட்டிருந்தேன். அவனுக்கு பேனல் ரூமில் வேலை. மெஷின்களைப் போடுவதும் நிறுத்துவதும் அவன் பொறுப்பு.

ஒரு குறுவை அறுப்பு சமயத்தில் உமியை இழுத்துத் தள்ளும் ப்ளோயரில் பேரிங் உடைந்து மில் நின்றுபோனது. மழையில் நனைந்து வந்த நெல் களத்திலேயே கிடந்து முளைவிட்டது. முதலாளி துபாயில் ஒரு தண்ணீர் ஆலையில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர்.

"அங்கல்லாம் மோட்டாருக்கு ஒண்ணுன்னா முன்னாடியே போன்ல வந்துடும் தம்பி. நாமளும் போட்டுடுவோம்" என்றார்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். தீப்பெட்டி அளவுள்ள கருவிகளை ஒவ்வொரு மெஷினின் பேரிங் மேலும் ஒட்டினார். மெஷின் எவ்வளவு அதிர்கிறது என்று அவை அளந்துகொண்டே இருக்கும். எல்லாம் நல்லபடி ஓடும்போது அதிர்வு எப்படி இருக்கிறது என்று சில நாள் கவனித்து, எல்லை வைத்தார். கொஞ்சம் மீறினால் போனில் மஞ்சள் செய்தி, அதிகம் மீறினால் சிவப்பு, அதிர்வு தணிந்தால் பச்சை. முதலாளி, சூப்பர்வைசர், நான் மூவருக்கும் செய்தி வரும்படி செய்துவிட்டுப் போனார்.

அது நன்றாகத்தான் வேலை செய்தது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் ஒரு போல்ட் கழன்றிருந்ததை முதலில் அதுதான் சொன்னது. பாலிஷர் பெல்ட் தேய்ந்ததையும் சொன்னது. அதன் பிறகு போன் மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கப் பழகிவிட்டோம்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ப்ளோயருக்கு சிவப்பு வந்தது. நான் பேனல் ரூமுக்குப் போய் மச்சினனிடம் சொன்னேன்.

"ப்ளோயர நிறுத்துடா. உள்ள பாத்துட்டு சொல்றேன்."

"சரி மாமா" என்று நிறுத்தினான்.

ப்ளோயர் மில்லின் பின்பக்கம். பேனல் ரூமிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்றாடி சுற்றி ஓயும்வரை நின்று, பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். ஒரு இறக்கையில் மட்டும் தவிடும் தூசியும் களிமண் போல அப்பிக் காய்ந்திருந்தன. ஒரு பக்கம் கனம் கூடியதால்தான் அந்த ஆட்டம். கையை உள்ளே விட்டுச் சுரண்டினேன். சட்டைப் பையில் போன் அடித்தது. கையெல்லாம் தூசி, எடுக்கவில்லை.

அந்தச் செய்தி பச்சை. ப்ளோயர் நார்மல் என்று வந்திருந்தது. களத்தில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்திருக்கிறார். பேனல் ரூம் ஜன்னலில் தலையை நீட்டி, "சரியாயிடுச்சு, வந்துடுச்சு பாரு. போடு, போடு" என்றிருக்கிறார். நான் சொல்லித்தான் அவர் சொல்கிறார் என்று என் மச்சினன் நினைத்துக்கொண்டான். போட்டுவிட்டான்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது. கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. உமி மேல் ரத்தம் சொட்டியதும், அது உடனே உறிஞ்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு முதலாளியே காரில் கொண்டுபோனார். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அல்லா" என்று மட்டும் அவ்வப்போது முணுமுணுத்தார். சூப்பர்வைசர் வந்தார், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். மச்சினன் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த மனைவி திடீரென்று கேட்டாள்.

"அவன் வேணும்னா செஞ்சான்?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே. இதுக்கு அவனத் திட்டிடலாம்."

ஒரு பக்கம் அவள் தம்பி, ஒரு பக்கம் நான். எங்கள் இருவருக்காகவும் அவள் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

அந்த இன்ஜினியர் வீட்டுக்கே வந்தார். காபியைத் தொடவில்லை.

"நின்னு போன மெஷினும் ஆடாது, நல்லா ஓடற மெஷினும் ஆடாது. அந்தக் கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே. அத நான் யோசிச்சிருக்கணும்" என்றார்.

மோட்டாருக்குக் கரண்ட் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றிவிட்டாராம். நின்றிருக்கும் மெஷினுக்கு இனிப் பச்சை வராது. உள்ளே கை வைப்பவர் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முதலாளியிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் பூட்டு. அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவரிடம் காட்டவில்லை.

மச்சினன் குவைத்துக்குப் புறப்படும் முன் வீட்டுக்கு வந்தான். முதலாளியின் சொந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை. அவன் அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குள் நான் இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகியிருந்தேன். இருந்தாலும் பாதி கீழே சிந்தும். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

"வரேன் மாமா" என்றான் வாசலில்.

"பாத்துப் போ" என்றேன்.

இப்போது பேனல் ரூமில் அவன் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். ப்ளோயரைப் போடும்போதெல்லாம் பின்பக்கம் நடந்துபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் போடுகிறேன். தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மச்சினன் குவைத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்வான். அவள் கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வருவாள்.

"நல்லாருக்கானா?" என்று கேட்பேன்.

"நல்லாருக்கானாம். உங்களக் கேட்டான்" என்பாள்.

அவன் கேட்டிருப்பானா, இவளாகச் சொல்கிறாளா என்று நான் விசாரிப்பதில்லை.