பொங்கல் பானைக்குள் வரிமீன்

சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு எங்கள் தொட்டியில் முதல் மீன் செத்து மிதந்தது. அம்மாவுக்கு வலி எடுத்து, அப்பா அவளை டாக்சியில் பக்கத்து ஊரான பத்து காஜாவின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அப்போதுதான். அதனால்தான் நேரம் மறக்கவில்லை. டாக்சி மறைந்ததும், துணைக்கு வந்திருந்த அப்பாவின் தங்கை, என் அத்தை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள். வெள்ளை ஏஞ்சல் மீன் ஒன்று செட்டை கிழிந்து ஒருக்களித்துக் கிடந்தது.

"நல்ல நேரம் பாத்து செத்திருக்கு," என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட, மலேசியாவில் ஈப்போ டவுனின் ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வந்திருந்தோம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அப்பா இங்கே லாரி ஓட்டினார். அங்கிருந்து வந்த பெரிய சொத்து அந்த மீன்தொட்டிதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குத் திரும்பும்போது பங்களாவில் விட்டுப் போனதை, அப்பா சாக்கு சுற்றி டிராக்டரில் ஏற்றி, லயத்து வீடுகளெல்லாம் பார்க்க நடக்கிற வேகத்தில் ஓட்டிவந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தொட்டி, பிறகுதான் தேத்தண்ணி.

அந்த வருஷம் அம்மா நிறைமாதம். பொங்கலை அப்பாவே வைத்தார். பானை கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சற்று உடைந்த பானையைத் தூக்கிப்போட மனம் வராமல், கழுவித் தொட்டிக்குள் சாய்த்து வைத்தார்.

"பொங்குன பானை. வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்லா."

கறுப்பு வரி போட்ட இரண்டு சின்ன மீன்கள் அதற்குள் குடிபோயின.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்பா தண்ணீரை மாற்றினார். டவுன் தண்ணீரில் மருந்து அதிகம் என்று காய்ச்சி ஆற்றியும் ஊற்றினார். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டிக்குத் திருஷ்டி சுற்றினாள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியில் இருமியது நாங்கள்தான். பிறகுதான் வரிமீன்கள் பானை வாயில் நின்று, கிட்டே வருவதையெல்லாம் விரட்டிக் கடிப்பதைக் கண்டுகொண்டோம். ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. எனக்கோ பெருமை. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனை மூலையில் ஒடுக்கும் மீன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

தம்பி பிறந்தான். எடை போதவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அங்க புள்ள கண்ணாடிப் பெட்டியில கிடக்கு. இங்க கண்ணாடிப் பெட்டியில பொணம் மிதக்குது. அந்த ரெண்டையும் மொதல்ல வெளியாக்குங்க. புள்ள வாசப்படி மிதிக்கக்குள்ள இந்தச் சனியன் இருக்கக்கூடாது."

வேறு சமயமாக இருந்தால் அப்பா சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. அம்மாவையும் தம்பியையும் வீட்டுக்கு விடுவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முதல் நாள், வரிமீன்களை, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையில் விட்டுவர வாளியும் வலையுமாகத் தொட்டி முன்னால் நின்றார். நான் அழுதேன். வலையை இறக்கியதும், வயிற்றில் செம்மஞ்சள் பூசியதுபோல் இருந்த மீன் பானையிலிருந்து பாய்ந்து அவர் விரலைக் கடித்தது.

"என் கட்டவெரல் நீளங்கூட இல்ல. என்னையே அடிக்க வருதுலா," என்றார். கோபத்தைவிட மரியாதைதான் அந்தக் குரலில் இருந்தது.

"நீங்க அதுக்கு மாலை போடுங்க," என்றாள் அத்தை. "இது மீனா, நாயா?"

அப்போது வாசலில் டாக்சி நின்றது. மறுநாள் அப்பா போய் அழைத்துவர வேண்டிய அம்மா, டாக்டர் போகலாம் என்றதுமே தானே டாக்சி பிடித்து வந்துவிட்டாள், மார்போடு தம்பியை அணைத்துக்கொண்டு. அத்தை பதறி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்தாள். பிறகு ஆசையாகக் கை நீட்டினாள்.

"குடுங்க அண்ணி, கை வலிக்கும்."

அம்மா கொடுக்கவில்லை. ஓரடி பின்வாங்கிக் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இத்தனை நாள் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அத்தையிடம் அம்மா இப்படி நடக்கலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கும் தம்பிக்கும் நடுவே இருவர் பிறந்து, வீடு வந்து சேராமலே போனது அப்போது எனக்குத் தெரியாது. போன வாரம் என் மகளைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனால் கதவு திறக்கும்வரை அந்த இருவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேரனைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த நர்சிடம் நான் கை நீட்டியபோதுதான், அன்று அத்தை நீட்டிய கையும் அம்மாவின் அந்த ஓரடியும் எனக்கு விளங்கின.

அம்மா நேராகத் தொட்டியிடம் போனாள். குனிந்து பானைக்குள் பார்த்தாள். மிளகுத்தூள் போல ஏதோ அங்கே மிதப்பதை நானும் பார்த்திருந்தேன், அழுக்கு என்று நினைத்திருந்தேன். அந்தத் தூளுக்குக் கண்கள் இருந்தன. செம்மஞ்சள் வயிற்று மீன் கண்ணாடிக்கே வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக முட்டியது. அம்மா நகரவில்லை. அவள் அடுத்துச் சொன்னது மீனைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்து, நம் மீன் ஜெயித்துவிட்டது என்று நான் மட்டும் துள்ளினேன்.

"வாளிய வெளிய வைங்க," என்றாள் அப்பாவிடம். "அவ புள்ளைங்கள வச்சிக்கிட்டு நிக்கிறா. யாரும் கிட்ட போவாதீங்க."