லிஃப்டுக்குள் கேட்ட குரல்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் பொறுப்பு. எதற்குள் யார் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாலும் அழைப்பு நேராக அவருடைய போனுக்குத்தான் வரும். அதனால் அது கையைவிட்டு இறங்காது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில். நான் அதற்கு ‘சின்ன வீடு’ என்று பேர் வைத்தேன். அக்கா கொஞ்ச நாள் சிரித்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் மனிதர் தங்கம். உள்ளே இருப்பவர் பயந்துவிடக்கூடாதென்று, கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். ஆனால் அழைப்பே வராத நேரத்திலும் கண் திரையில்தான். மெக்கானிக்குகள் குழு, பள்ளிக்கூட நண்பர்கள் குழு, கிரிக்கெட் குழு! அக்கா எதிரில் நின்று எதைச் சொன்னாலும் “ம்.” அவ்வளவுதான் பதில்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே அவரிடம் சொன்னாள். “ம்.” மறுபடியும் சொன்னாள். கடைசியில் சமையலறையில் நின்றபடியே மெசேஜ் அனுப்பினாள். கூடத்திலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. “பாத்தியா, வரேன்னு சொல்லிட்டாரு,” என்று என்னிடம் காட்டினாள், பைத்தியக்காரி. “உள்ள தள்ளிட்டுப் போறப்ப அவரு முகத்தப் பாத்துட்டுப் போனா போதும்டி. வேற ஒண்ணும் வேணாம்.”

ஆபரேஷனுக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். திரும்பும்போது பரிசோதனைக்கூடக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினேன்.

“பயப்படாதீங்கம்மா. லிஃப்ட் கீழ விழாது. நான் வந்துட்டே இருக்கேன்.”

மாமா! நான் கூப்பிடுவதற்குள் அக்கா என் வாயைப் பொத்தினாள்.

“உள்ள எத்தனை பேரும்மா?”

“ரெண்டு பேருங்க,” என்றாள் அக்கா.

“தரையில உக்காந்துக்குங்க. காத்து வரும், கவலையே வேணாம்.”

சொன்னபடி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். சிக்னலில் முன்னால் நிற்கும் லாரியைத் திட்டி அவளைச் சிரிக்கவைத்தார். அவளிடம் அவர் இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆகிறதோ! ஒலிபெருக்கி கரகரத்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் குரல் தெரியாமல் போகுமா?

“எனக்கு நாளைக்கு ஆபரேஷனுங்க. பயமா இருக்கு,” என்றாள் திடீரென்று.

“அடடா! ஒண்ணும் ஆகாதும்மா. வீட்டுக்காரரப் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க. தைரியம் தானா வரும்.”

“சொன்னேங்க. அவரு காதுலயே விழல.”

“என்ன மனுஷன்மா அவரு!” என்றார் மாமா.

அக்கா தரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

மாமா வந்து, லிஃப்டை மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. “நீயா? இவ்வளவு நேரம் நீயா பேசின?” கண் கலங்கிவிட்டது, அதை நான் மறைக்கமாட்டேன். “நாளைக்கு நான்...” என்று ஆரம்பித்தார். போன் அடித்தது. வேறெங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நிஜம்தான். “ஒரு நிமிஷம்மா,” என்று விரலைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றார். “பயப்படாதீங்கய்யா, நான் வந்துட்டே இருக்கேன்.” அதே கனிவு, அதே குரல். அக்கா படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். போனை அணைத்திருந்தார். என்னிடம் காட்டவும் செய்தார். அக்காவைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகையில் அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தார். “இங்க பாரும்மா, நான் வந்திருக்கேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. கதவு மூடிக்கொண்டது.

“மயக்க ஊசி போட்டுட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

“இன்னும் போடல மாமா,” என்றேன்.