மத்தியானம் பூட்டாத காம்ப்ளக்ஸ்

வியாபாரம் படுத்தால் கடைக்காரர் வேறு இடம் பார்க்கலாம். காம்ப்ளக்ஸ் மேனேஜர் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பழைய கட்டடத்தைக் கட்டி மேய்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். தொண்ணூறுகளில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருபது கடைகள் என் பொறுப்பில் இருந்தன. எதிர்ச்சாரியில் கண்ணாடி போட்ட புதுக் காம்ப்ளக்ஸ் வந்தது. ஒரே வருஷத்தில் எங்கள் மாடியில் ஆறு ஷட்டர் இறங்கிவிட்டது. முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாருங்க. இல்லேன்னா குடோனுக்கு விட்டுடறேன்."

பெயின்ட்டா, பாத்ரூமா?

தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த சாந்தா எங்கள் ஜவுளிக்கடையின் பழைய வாடிக்கை. அவரும் ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்து, காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: அங்கே பெண்களுக்குக் கழிவறை இருக்கிறது, இங்கே இல்லை.

முன்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்த பணத்தைக் கழிவறை கட்டத் திருப்பினேன். கழிவறையைத் திறந்த பிறகும் முதலாளியம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவர் வந்து நின்றபோது, சாந்தா நாலு தோழிகளோடு படியேறினார். "இப்பல்லாம் முதல்ல இங்கதான் வரோம் சார். வந்தது வந்தோம்னு புடவையும் பாக்கறோம்."

மூன்றரை மணி பஸ்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்கள் வாசலில்தான் ஆட்களை இறக்கும். அந்நேரம் எங்கள் கடைகள் எல்லாம் சாப்பாட்டுத் தூக்கத்தில் பூட்டியிருக்கும். இறங்கியவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு எதிரே போய்விடுவார்கள். திறக்கச் சொன்னால், "பாத்திரக்கடைக்காரர் திறக்கட்டும், நாங்களும் திறக்கறோம்" என்றார்கள் மற்றவர்கள்.

பாத்திரக்கடை முனிரத்தினம்தான் அங்கே மூத்தவர். ஒரு நாள் மூன்று மணிக்கு அவரை எழுப்பி, கடையைத் திறக்க வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பஸ் வந்தது. அரை மணியில் மூன்று குக்கர் போயிற்று. மறுநாள் அவரே என் அறைக்கு வந்தார். "கண்ணு சொக்குது மேனேஜர். ஆனா கடையை மட்டும் மூடச் சொல்லிடாதீங்க."

மைக்கில் ரத்னம்மா

வளையல் கடை ரத்னம்மாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. அறிவிப்பு மைக்கை அவரிடம் கொடுத்தேன். ஒரு சந்தை நாளில், மனைவியைக் காணோம் என்று ஒரு கன்னடக்காரர் பதறி வந்தார். மூன்று மொழியிலும் கூப்பிட்டதும் அந்த அம்மா நிதானமாக வந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். ரத்னம்மா அதையும் மைக்கிலேயே தமிழில் சொன்னார்: "நான் தொலையலைங்க, நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன். அவர்தான் தொலைஞ்சாரு."

திரும்பி வந்தவர்

மாடியைக் காலி செய்தவர்களில் ரெடிமேட் கடை வெங்கடேசப்பாவும் ஒருவர். எதிர்க் காம்ப்ளக்ஸ் மாடிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் வந்து நின்றார். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தேன். ஆள் இளைத்திருந்ததைப் பார்த்ததும் சாவியை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் தலை குனிந்தபடி சொன்னார்: "அங்க லிஃப்ட்ல ஏறிப் பாக்கத்தான் வராங்க சார். மேல வந்து, உடனே கீழ போயிடறாங்க."

அந்தத் தீபாவளிக்குள் ஆறில் நாலு ஷட்டர் மேலே ஏறிவிட்டது. மீதி இரண்டுக்கு ஆள் தேடுவதுதான் அடுத்த பத்து வருஷமும் எனக்குச் சோறு போட்ட உத்தியோகம்.