அத்தான் பக்கத்து இடம்

என் அக்கா பாலம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு எழுபது வயது, எனக்கு அறுபத்து மூன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக, அதாவது தலைமை ஆசிரியையாக, இருந்து ஓய்வு பெற்றவள். அவள் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயா வேலை பார்த்தாள். ஆனாலும் எங்கள் சபையில் என்னை 'பாலம்மாக்கா தங்கச்சி' என்றுதான் சொல்வார்கள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சபையில் பெண்கள் யார் இறந்தாலும் முதல் போன் போதகருக்கு, இரண்டாவது போன் அக்காவுக்கு. குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, பெட்டியில் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதெல்லாம் அவள் கையால்தான் நடக்கும். நான் கூடப் போவேனே தவிர வாசல்படியைத் தாண்ட மாட்டேன். செத்தவர்களைப் பார்க்க எனக்குப் பயம். அவளோ கதவைச் சாத்திக்கொண்டு, உயிரோடு இருப்பவர்களிடம் பேசுவது மாதிரியே பேசுவாள். "கைய நீட்டுங்க அண்ணி, இந்தா முடிஞ்சிட்டு" என்று சொல்வது வெளியே கேட்கும்.

நகைகளைக் கழற்றுவதும் அவள் பொறுப்புத்தான். சோப்பைக் குழைத்துத் தடவி, மோதிரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றி எடுப்பாள். எடுத்ததையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்து, எல்லார் கண் முன்னாலும் வீட்டுக்கு மூத்தவரிடம் கொடுப்பாள். ஒரு பணக்கார வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்தவள் வழியெல்லாம் சிரித்தாள்.

"ஏட்டி, ஒரு கைக்கு எட்டு வளையல். இருவது வருஷமா ராத்திரி தூங்கும்போதுகூட கழட்டலையாம். எனக்கு அரைமணி நேரம் ஆச்சு. ஒண்ணக்கூட கழட்டாதேன்னு அவ கைய மடக்கலியே."

இன்னொரு பிடிவாதமும் அவளுக்கு உண்டு. ஈரத்தோடு யாரையும் பெட்டியில் வைக்க மாட்டாள். சாரல் பெய்கிற சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அதற்காகவே பருத்தித் துண்டுகளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடாக்கி ஒரு பையில் வைத்திருப்பாள். விரல் இடுக்கு, காது மடல் எல்லாம் துவட்டுவாள். தலைமுடியை டேபிள் ஃபேன் வைத்துக் காய வைப்பாள். பெட்டி வந்து நின்றாலும் சரி, போதகரே அவசரப்படுத்தினாலும் சரி, காயாமல் கதவு திறக்காது.

இப்படி ஊரார் கையில் இருப்பதையெல்லாம் கழற்றிவிடுகிறவளுக்கு நகை ஆசை இல்லை, புடவை ஆசை இல்லை. பென்ஷன் இல்லாத அவளுக்கு இருந்த வீட்டைக்கூட மகன் பெயருக்கு எழுதிவிட்டாள். அவளுடைய ஆசையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு துண்டு மண் மேல்தான்.

என் அத்தான் ஏசுதாசன் கடையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நோயில் விழுந்ததும் கல்லறைத் தோட்டத்தின் மேல வரிசையில், மேட்டில், இரண்டு பேருக்கு இடம் வாங்கினார். எங்கள் ஊரில் பலரும் செய்கிற மாதிரி இரண்டு பேருக்கும் பெயர் வெட்டிய கல்லையும் சேர்த்தே அடித்து வைத்துவிட்டார். அத்தான் 2014இல் போய்ச் சேர்ந்தார். பக்கத்துக் கல்லில் 'பாலம்மாள், பிறப்பு 1955, நித்திரை அடைந்தது' என்று இருக்கும். அதற்குக் கீழே காலி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா விளக்குமாற்றோடு அங்கே போவாள். அத்தான் கல்லையும் பெருக்குவாள், தன் கல்லையும் பெருக்குவாள்.

"உயிரோட இருக்கும்போதே தன் கல்லறையப் பெருக்குத ஒரே ஆளு நீதான் யக்கா" என்று கேலி செய்வேன்.

"அவரு சாகுத அன்னைக்கு என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதாம்ட்டி. பக்கத்துல வந்து படுத்துக்கோன்னு" என்பாள்.

மேல வரிசை நிரம்பிவிட்டதால் சபையார் தோட்டத்தை ஒட்டிக் கீழ்ப்பக்கம் ஒரு வயலை வாங்கினார்கள். பங்குனி மாதம் போய்ப் பார்த்தார்கள். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து, நல்ல காய்ந்த பூமி என்று சந்தோஷப்பட்டுப் பத்திரம் முடித்தார்கள். சாரல் காலத்தில் பக்கத்து வாய்க்கால் நிரம்பினால் அந்த வயலில் ரெண்டடியில் தண்ணீர் ஊறும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நெல் விளைந்த வயலென்று தெரிந்தும் தோன்றவில்லை. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன்.

போன வருஷம் ஜூலையில் உலகம்மாள் இறந்துபோனாள். நாற்பத்தைந்து வயது. திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். சீசனில் ஐந்தருவி போகிற ரோட்டில் பழம் விற்பாள். இரண்டு வருஷம் முன்னால்தான் ஞானஸ்நானம் பெற்று எங்கள் சபையில் சேர்ந்தாள். கணவன் இல்லை, ஊரோடு போக்குவரத்தும் இல்லை. ஒரே மகள் சுகந்தி, தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். வாரக்கணக்கில் சாரலில் நனைந்துகொண்டே பழம் விற்றவளுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் அக்கா போய்க் குளிப்பாட்டினாள்.

பிற்பகல் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சாரல் நிற்கவில்லை. குழி வெட்டுகிற பலவேசம் இடுப்பளவு குழிக்குள் நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இறைக்க இறைக்க ஊறியது. ஐந்தடி தள்ளி வெட்டிய இன்னொரு குழியிலும் அதே கதை.

"இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது ஐயா. பெட்டி மிதக்கும். மேல ரெண்டு கல்ல வச்சு அமுக்கிட்டு மண்ணத் தள்ளிருவோம்" என்று பலவேசம் போதகரிடம் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சுகந்தி காதில் அது விழுந்துவிட்டது.

"எங்கம்மாவத் தண்ணிக்குள்ள அமுக்காதீங்க" என்று அவள் பெட்டி மேல் விழுந்து அலறினாள். "சாகுத வரைக்கும் நனஞ்சுக்கிட்டேதான இருந்தா. வேண்டாம் ஐயா, வேண்டாம்."

மேட்டில் வெட்டப்படாமல் இருந்தது ஒரே ஒரு இடம். அது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது எங்க அக்கா எடம். அங்கன யாரும் பாக்க வேண்டாம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

"ஆமா, அதக் குடுக்க முடியாது" என்றாள் அக்காவும். சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன். என் மனதில் இருந்தது நிம்மதி. அதை மறைக்கப் போவதில்லை.

அவள் அத்தான் கல் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கீழே சுகந்தியின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி" என்றாள் திடீரென்று. "காலம்பற ஒரு மணி நேரம் ஃபேன் வச்சுக் காய வச்சேன். ஒரு பொட்டு ஈரம் இல்லாமத்தான் பெட்டியில வச்சேன்."

"யக்கா, வேண்டாம்" என்றேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாரு கையில இருக்கதையும் நான் கழட்டுதேன். என் கையில இருக்கது இது ஒண்ணுதான். நான் செத்த பெறவு எவளாவது வந்து கழட்டுத வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா? கர்த்தர் கேக்கும்போதே குடுத்திருதேன்."

"அத்தான் கேட்டாரே?"

"அவருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் மேட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "பலவேசம், கடப்பாரய எடுத்துட்டு இங்கன வாங்க."

போதகர் ஓடி வந்தார். "பாலம்மாக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு வருத்தப்படக் கூடாது" என்றார். "யோசிச்சா குடுக்க மாட்டேன் ஐயா. சீக்கிரம் வெட்டச் சொல்லுங்க" என்றாள். கல்லைப் பெயர்க்கும்போது அவள் பெயருக்கு நடுவில் உடைந்தது. கூடியிருந்தவர்கள் 'ஐயோ' என்றார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறடி வெட்டி முடித்ததும் குழியிலிருந்து ஒரு பிடி மண் வாங்கி உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தாள். "காஞ்சிருக்கு. எறக்குங்க" என்றாள். சுகந்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, பெட்டி இறங்குவதைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்ததும் போதகர், கீழே வேறு இடம் ஒதுக்கி எழுதி வைக்கட்டுமா என்று கேட்டார். "எதுக்கு ஐயா? எனக்கு முன்னாடி வாரவங்களுக்கு அது வேணும்லா. நான் வரும்போது எங்கன எடம் இருக்கோ அங்கன போடுங்க" என்றாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது நான் குடையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். கோபம். பாதி வழியில் அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"பத்துப் பதினோரு வருஷமாப் பெருக்கி வச்ச எடம். ரெண்டு வருஷப் பழக்கத்துல ஒருத்திக்குத் தூக்கிக் குடுத்திட்டு வார. உனக்கு வலிக்கவே இல்லையா?"

அக்கா நடுரோட்டில் நின்றாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர்.

"வலிக்கிட்டி" என்றாள். "நெஞ்சப் பிடுங்குத மாதிரி வலிக்கி. வலிக்காமக் குடுத்தா, அத நான் குடுத்தேன்னு எப்படிச் சொல்ல?"

நான் குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, "டீச்சர், ஏறுதீங்களா?" என்று கேட்டார். வேண்டாம், நான் என் அக்காவோடு நடந்து வருகிறேன் என்று சொன்னேன்.